முன்னால் போன சைக்கிள்

"ஹாரன் அடிச்சா ரோடு அகலமாயிடுமா தம்பி? கையை எடுங்க, காது அடைக்குது" என்றார் லோடுமேன்.

டிரைவர் எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான். பின்னே, காலையிலிருந்து அவனுக்கு வாய்த்ததெல்லாம் வில்லங்கம். வழக்கமாக ஓட்டும் வேன் கிளம்பவே மாட்டேன் என்று கழுத்தறுத்தது. முதலாளி தள்ளிவிட்ட மாற்று வேனில் கியர் போடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. போதாக்குறைக்கு, "போற வழியில இந்த ஒரு லோடை மட்டும் இறக்கிட்டுப் போயிடுப்பா" என்று கடைசி நிமிடத்தில் அலமாரிகளை ஏற்றிவிட்டார் அந்த மகாராஜன்.

இத்தனையும் தாண்டி வந்தால், ஏரிக்குப் போகிற குறுகல் ரோட்டில் முன்னால் ஒரு சைக்கிள்.

சைக்கிளா அது? ஆளைவிட நீளமாக, தட்டையாக எதையோ பச்சைக் கட்டம் போட்ட போர்வையில் சுற்றி, வலது பக்கத்தில் சற்றுக் குறுக்காக, நீளவாக்கில் நிமிர்த்திக் கட்டியிருந்தது. பாதி ரோட்டை எழுதி வாங்கியது போல ஆடி ஆடிப் போனது. ஓட்டுகிற ஆள் அதற்குப் பின்னால் மறைந்தே போயிருந்தான். மேலே ஒரு தொப்பி, கீழே ஒரு சக்கரம், அவ்வளவுதான் தெரிந்தது.

"எவன் வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டுப் போறானோ. ஒரு வண்டி பிடிச்சு எடுத்துட்டுப் போக வக்கில்லையா இவனுக்கு?"

"வக்கில்லாமத்தானே சைக்கிள்ல போறான். காத்து வேற அடிக்குது. பாவம், பிடிக்க முடியாமத் தள்ளாடுறான் பாருங்க."

"பாவம் பார்க்கிற நேரமாண்ணே இது? பொண்ணு கண்ணு முன்னாடி நான் நிக்கலைன்னா இன்னைக்கு என் கதை முடிஞ்சுது."

அவன் சொன்னது மிகையில்லை. மகளுக்கு ஏரியில் போட்டி. போன தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அதற்கு முந்தின தடவையும் அதே லட்சணம்தான். அவள் சண்டை போட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பேச்சையே நிறுத்திவிட்டாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் 'அப்பா' என்ற சொல்லே கேட்கவில்லை. வேண்டியது வேண்டாதது எல்லாம் அம்மா வழியாகத்தான் அவனுக்கு வரும். சமாதானத்துக்கு என்று ரோஸ் நிறத்தில் ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

போன் அடித்தது. லோடுமேன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கீங்க?" மனைவியின் குரலில் சூடு பறந்தது.

"வந்துட்டே இருக்கேன்."

"இதையேதான் காலையிலயும் சொன்னீங்க. சாமான் இருக்கு, வண்டி வேணும்னு நாலு நாளாத் தொண்டை கிழியக் கத்தினேன். பார்த்துப் பார்த்துட்டு அவளே கிளம்பிட்டா. நான் பஸ்ல ஏரிக்கு வந்துட்டேன்."

"நீச்சலடிக்கப் போறவளுக்கு என்னடி பெரிய சாமான்? ஒரு துண்டு, ஒரு மாத்துத் துணி."

"உங்ககிட்டப் பேசுறதுக்குச் செவுத்துகிட்டப் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். டிரைவருக்கு உச்சந்தலை வரை ஏறியது. முதலாளியிடம் காட்ட முடியாத கோபம், மனைவியிடம் செல்லுபடியாகாத கோபம், எல்லாம் சேர்ந்து அந்தச் சைக்கிள்காரன் மேல் திரும்பியது. ஹாரனை விடாமல் அழுத்தியபடி வலது பக்கம் ஒடித்து, மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி, சைக்கிளை ஒட்டினாற்போல் சீறிக்கொண்டு முந்தினான்.

வேன் உரசவில்லை. ஆனால் வேன் கிளப்பிய காற்று போதாதா? போர்வை சுற்றிய அந்த நீளச் சாமான் அப்படியே சாய, சைக்கிளும் ஆளுமாகப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது கண்ணாடியில் தெரிந்தது.

"நிறுத்துங்க தம்பி. ஆள் விழுந்துடுச்சு."

"விழட்டும். விழத் தெரிஞ்சவனுக்கு எழுந்திருக்கத் தெரியாதா? ரோடு என்ன அவன் அப்பன் வீட்டுதா?"

லோடுமேன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையில் மனைவி மட்டும்தான் நின்றிருந்தாள். டிரைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். "பார்த்தியா, சொன்னபடி வந்துட்டேன். எங்க அவ? நீச்சல் எந்தப் பக்கம் நடக்குது?"

மனைவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு சொன்னா உங்களுக்கு நீச்சல்னு? பெத்த பொண்ணு என்ன விளையாடுறான்னு ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கீங்களா? அதோ பாருங்க."

தண்ணீரில் பெண்கள் நீள நீளமான பலகைகளின் மேல் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவளோட பலகை கோச் வீட்டுல இருந்துச்சு. அதைத் தூக்கிட்டு வரத்தான் வண்டி கேட்டேன்."

டிரைவர் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கரையோரம் ஒரு சைக்கிள் தள்ளாடி வந்து நின்றது. பச்சைக் கட்டம் போட்ட போர்வை முழுக்கச் சேறு. கிழிசல் வழியாக உடைந்துபோன பலகையின் முனை தெரிந்தது. டிரைவருக்குப் பின்னாலேயே வந்திருந்த லோடுமேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, ரத்தம் வழியும் முழங்காலோடு ஓடி வந்தாள் மகள். ஒரு மாதக் கோபத்தையும் மறந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"ஒரு வேன்காரன்ப்பா... நான் விழுந்ததைப் பார்த்தும் நிக்காமப் போயிட்டான். நீங்க மட்டும் அங்க இருந்திருந்தா அவனைச் சும்மா விட்டிருப்பீங்களாப்பா?"