ஒன்பது வரும் இடங்களில்

"எவன் தோப்புல எத்தினி மரம் நிக்கிதுன்னு நீ ஏன் மாப்ள தட்டிக்கினு உக்காந்திருக்க?"

அறிவழகன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். சட்டையெல்லாம் பழுப்பு நிலக்கரித் தூள்.

என் மனைவி பவித்ராவின் அண்ணன். பவித்ரா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவள் இருந்தபோது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். இப்போது வாரம் தவறாமல் வருகிறார்.

பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்தினேன். அவர் அதைக் கவனிக்காமல், பக்கத்துக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஸ்டூலை மறுபடி சுவரோரம் தள்ளினேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்தார். மைன்ஸ் டைம் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள். கான்ட்ராக்ட்தான். வருகைப் பதிவு பார்க்கிற வேலை. பட்டதாரியாக இருக்க வேண்டும். இன்று நாலு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

மணி மூன்றே கால்.

"எம்.எஸ்ஸி. ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சிட்டு முந்திரி மரம் எண்ணிக்கினு இருக்க. உங்க மாப்ள ஃபாரஸ்ட் ஆபீசரான்னு கேட்டு எங்க சூப்பர்வைசர் சிரிக்கிறான்."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"நம்ம சசிகுமாரும் இதே வேலையத்தான் பாத்தான். கழுத்து புடிச்சிகிச்சு. வுட்டுட்டு குள்ளஞ்சாவடியில டயர் கட போட்டான். இப்ப போயி பாரு, மொத்த ஒடம்பையும் திருப்புனவன் கூப்புட்டா கழுத்த மட்டும் திருப்பிப் பாக்குறான்."

அவர் சொல்வதில் தவறு இல்லை.

காடாம்புலியூர் பக்கத்துத் தோப்புகளில் யாரோ நடந்து நடந்து மரம் எண்ணி, பேனாவால் நிரப்பிய படிவங்கள். புல எண், முந்திரி இத்தனை, பலா இத்தனை. படிவத்தின் படம் திரையில் இடப்பக்கம் வரும். வலப்பக்கம் நான் அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு. சாயங்காலம் கேட்டால் ஒரு பெயர்கூட நினைவில் இருக்காது. நாளையோ நாளை மறுநாளோ இதை ஒரு மென்பொருள் செய்துவிடும். ஆயுள் முழுக்கச் செய்கிற வேலை என்று இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

"அங்கன்னா நாலு பேரு இருப்பாங்க. டீ குடிக்கலாம், பேசலாம். இங்க யாரு இருக்கா, சொல்லு."

"ரெண்டு பேரு செய்யற வேலை மச்சான் இது," என்றேன்.

விளக்கினேன். ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு முறை அடித்தால் ஒரே தப்பை இரண்டு முறை செய்வார், அதனால் இந்த விதி. இருவரும் அடித்தது ஒத்துப்போகாத கட்டம் சிவப்பாகும். நான் முதல் ஆள். இருவரில் யாராவது தொடர்ந்து மூன்று நாள் உள்ளே வராவிட்டால் கம்பெனி அவருடைய ஐடியை மூடிவிடும்.

"மூடிட்டா?"

"மூடுனதுதான். திரும்பத் தொறக்க மாட்டாங்க."

"மூடட்டுமே. டைம் ஆபீஸ்ல உனுக்குப் புதுசா ஒரு ஐடி குடுக்கப் போறாங்க, கழுத்துல மாட்டிக்கினு போலாம்."

சொல்லிக்கொண்டே என் திரையை எட்டிப் பார்த்தார். நேற்றைய பட்டியல் திறந்திருந்தது. மேலே நேற்றைய தேதி. கீழே பதினொரு சிவப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

படிவத்தில் 39 மரம். நான் 39. இரண்டாவது ஆள் 36.

படிவத்தில் 90. நான் 90. இரண்டாவது ஆள் 60.

"யாரு மாப்ள இந்த ரெண்டாவது ஆளு? ஒன்பது வந்தா ஆறு, ஒன்பது வந்தா ஆறு. மனுசனுக்குக் கண்ணு தெரியலியா?"

"கண்ணு நல்லாத் தெரியும். மோதிர வெரலுதான் சில நேரம் மேல் வரிசைக்கு எட்டாது."

அவர் சிரித்தபடி கீபோர்டிலிருந்து விண்ணப்பத்தை நகர்த்தினார். வலது கையை அதன் வலது ஓரத்திலிருந்த எண்களின் மேல் வைத்துப் பார்த்தார். மோதிர விரல் ஆறின்மேல் இருந்தது. அதற்கு நேர் மேலே ஒன்பது. விரலை நீட்டினார்.

சிரிப்பு நின்றது.

விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்ரூம் கதவ நான்தான் சாத்துனேன்," என்றார். "அவளுக்கு அஞ்சு வயசு. சந்துல கை வச்சிருந்தத பாக்கல."

தெரியும். கல்யாணத்தன்று மோதிரம் அந்த விரலின் கணுவைத் தாண்டி ஏறவில்லை. அவள் பக்கத்து விரலை நீட்டினாள்.

நூறு ஒன்பதுகளில் நான்கை அவள் ஆறு என்று அடிப்பாள். மூன்று வருடப் பட்டியல்களை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். எம்.எஸ்ஸி. படித்தது அதற்கு உதவியது. இப்போதும் அந்த நான்கு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வெளியே இரண்டாவது ஷிஃப்டுக்குத் தாமதமான யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அறிவழகன் திரையில் இருந்த நேற்றைய தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி மூன்றே முக்கால்.

விண்ணப்பத்தை எடுத்தார். நான்காக மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"பவி இன்னிக்கி ஆரம்பிச்சிட்டாளா?"

"நாலு மணிக்கு," என்றேன்.

அவர் உடனே எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒட்டியிருந்த தூளைக் கையால் தட்டிவிட்டார். பிறகு அதைப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு நேராகத் தள்ளி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.