நாற்பத்து மூன்றாவது திருட்டு

திருடர்கள் மொத்தம் நாற்பத்து மூன்று பேர்.

கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக நின்றார்கள். ஒரு பல் மருத்துவமனை, ஒரு பூனை வளர்ப்போர் சங்கம், தனிமையைப் பற்றியே கவிதை எழுதும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்.

பார்டரம்மா வெப்சைட்டுகளுக்குப் பின்னணிப் படமும் ஓரமும் வரைகிறவள். கொடி, சங்கிலி, மழைத்துளி, தையல் போட்ட மாதிரி கோடு. எல்லாமே இலவசம். பின்னணி தேடி அலைகிறவர்கள் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் அவள் தளத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். பார்டரம்மா என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் பக்கத்திலேயே சிவப்பில் இருக்கிறது: படத்தை உங்கள் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள், இங்கிருந்தே இழுக்காதீர்கள்.

இழுப்பது என்றால், பக்கத்து வீட்டுத் தொட்டியில் ரப்பர் குழாயைச் செருகிவிட்டு நம் வீட்டில் குளிப்பது போல. அவர்கள் பக்கத்தை யார் திறந்தாலும் படம் அவள் தொட்டியிலிருந்து ஓடும். இருபதாம் தேதி ஆவதற்குள் மாதத்துக்கான டேட்டா அளவு தீர்ந்து, அவள் தளமே இருண்டு போகும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அளவுக்கு மேல் ஆள் ஏறினால் மணி அடித்தே ஆக வேண்டும் என்கிற கட்சி. யோசனையும் அவருடையதுதான். உன் படங்களுக்குப் புதுப் பெயர் கொடு, பழைய பெயரில் எச்சரிக்கை ஒன்றை வரைந்து வை, இழுக்கிறவன் பக்கத்தில் அதுதான் தெரியும் என்றார்.

காலையிலிருந்து அதுதான் வேலை. நீதிபதியின் கவிதைகளுக்குப் பின்னால் ‘இது திருட்டுப் படம்’ என்று நூற்று இருபது தடவை தெரிந்தது. இரண்டு பேரும் டீ சிந்தச் சிரித்தார்கள்.

நாற்பத்து இரண்டு முடிந்தது. நாற்பத்து மூன்றாவது ஒரு கேக் கடை.

கை வலிக்கிறது, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். ஒன்றே ஒன்றுதானே, முடித்துவிட்டு எழுந்திரு என்றார் அவர்.

அந்தக் கேக் கடை அவர்கள் மகளுடையது. அது அவருக்குத் தெரியாது.

நல்ல வேலையை விட்டுவிட்டு மகள் மாவு பிசையப் போகிறேன் என்ற நாளில், போனால் இங்கே எதற்கும் வந்து நிற்காதே என்று பார்டரம்மா சொல்லியிருந்தாள். பிறந்ததிலிருந்து எதையும் காதில் வாங்காத பெண், அந்த ஒரு பேச்சை மட்டும் அப்படியே கேட்டுவிட்டது. நாலு வருஷமாக வரவும் இல்லை, ஃபோனும் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான், யார் எப்போது இழுக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலில் இந்த வரி முளைத்தது. வெளிர் பச்சைக் கொடிப் பின்னணி. வேறு யாருமே எடுக்காத படம். அன்றிலிருந்து அவள் தினமும் எண்ணுகிறாள். நேற்று முப்பத்தோரு பேர் கடைப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். மழை பெய்த அன்று ஒன்பது பேர். கடை ஓடுகிறது, பெண் நன்றாக இருக்கிறாள் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே தகவல் இதுதான். எச்சரிக்கையைப் போட்டால் மகள் குழாயைப் பிடுங்கிவிடுவாள். அப்புறம் இந்த வரியும் இருக்காது.

சின்னக் கடை, பாவம், விவரம் தெரியாமல் செய்திருக்கும் என்று இழுத்தாள்.

கணவர் குனிந்து கடையின் பெயரைப் படித்தார். வீட்டில் மகளைக் கூப்பிடும் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

“விவரம் தெரியாமலா? அந்தச் சிவப்பு எழுத்தை எழுதிப் போட்டதே அவதானேம்மா.”

உண்மைதான். தளத்தையே மகள்தான் படிக்கிற காலத்தில் கட்டிக் கொடுத்தாள். ஒரு பனித்துளிப் படத்தை இழுத்ததற்காக அத்தை பையனை நிற்க வைத்து ஒரு மணி நேரம் கிழித்தவள் அவள்.

அவர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டார்.

“இந்த ஒரு ஆள் ஏறினா மணி அடிக்காது. விடு.”

பார்டரம்மா பட்டியலைத் திரும்ப மேலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தின் முதல் வரி விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு விழுந்திருந்தது. அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளர் கேக் தேடுவார்? மகளேதான் திறந்திருக்க வேண்டும், அம்மா பார்ப்பாள் என்று தெரிந்தே.

ஏதாவது சொல்ல வேண்டும். கொடிப் படத்தைத் திறந்தாள். நாலு வருஷத்துப் பேச்சு ஒரு பின்னணிக்குள் அடங்குமா? கடைசியில் கைக்கு வந்தது, எட்டு மாதமாக உறுத்திக்கொண்டிருந்த ஒரு குறைதான். வெளிர் பச்சைக் கொடிமேல் யாராவது மஞ்சளில் எழுதுவார்களா? கடையின் ஃபோன் நம்பரே தெரியவில்லை.

கொடிகளைக் கரும்பச்சையாக்கி அதே பெயரில் ஏற்றினாள். கேக் கடையின் மஞ்சள் எழுத்து பளிச்சென்று எழுந்து நின்றது.

ஏற்றிய பிறகுதான் பயம் வந்தது. இதிலும் மூக்கை நுழைக்கிறாயா என்று ஒரேயடியாக எடுத்துவிட்டால்?

மறுநாள் ஐந்தரைக்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். ஐந்து நாற்பதுக்கு வரி விழவில்லை. ஐம்பதுக்கும் இல்லை. ஆறு மணி அடித்து இரண்டு நிமிஷம் கழித்து விழுந்தது.

பக்கத்தைத் திறந்தாள். கரும்பச்சைக் கொடிகள் அப்படியே இருந்தன. மகள் எழுத்தை மட்டும் மாற்றியிருந்தாள். மஞ்சள் போய், எல்லாம் கறுப்பு. ஒரு வார்த்தை படிக்க முடியவில்லை.

“இங்க வந்து இவ திமிரைப் பாருங்க” என்று கணவரைக் கூப்பிட்டாள்.

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள், கொடிகளை மறுபடியும் வெளுக்க ஆரம்பித்திருந்தாள்.