கண்ணாடி துடைக்கும் பேராசிரியர்

பேராசிரியர் கார்ல்சனுக்கு மறதி வந்துவிட்டது என்று வகுப்பில் எல்லோரும் ஆறாவது வாரமே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு மேஜைக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். நிதானமாக இரண்டு மடக்கு. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். என்ன கேட்டோம் என்பதே ஞாபகமில்லாதவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

யாராவது பதில் சொல்ல வாயெடுத்தால், "பொறு" என்று கையைக் காட்டுவார். அதோடு சரி.

"பாவம் மனுசன். வந்த புதுசில எப்பிடி இருந்தவர்," என்றாள் பிரணவி, வீடிருக்கும் ஏவன்டேலுக்குத் திரும்பும் ரயிலில்.

அபர்ணா சிரித்தாள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வீட்டில் வாடகை. பிரணவி சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே பள்ளிக்கூடம் படித்தவள். அபர்ணா திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

அவளுக்கு அந்த மனிதர்மேல் வருத்தம் இருந்தது.

அமெரிக்காவிலிருந்து இந்த வருடம்தான் ஆக்லாந்துக்கு வந்திருந்தார் அவர். முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். "என்னை வெஸ் என்று கூப்பிடுங்கள். கை தூக்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். தோன்றியதைச் சொல்லுங்கள். வகுப்பில் பேசுவதற்கே இருபது மார்க்."

உடனே பட்டாசுச் சரம் மாதிரி கேள்விகள்.

முதல் கேள்விக்கே அபர்ணாவுக்குப் பதில் தெரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். ஊரில் ஐந்து வருடம் கல்லூரியில் அப்படித்தான் பதில் சொல்லிப் பழக்கம்.

"சார்..." என்று ஆரம்பிப்பதற்குள் மூன்று பேர் பதில் சொல்லி, நான்காவது ஆள் அதை மறுத்தும் முடித்துவிட்டான்.

நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். கார்ல்சன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"நீ ஏன் எழும்புறாய்? இருந்துகொண்டே சொல்லன்," என்றாள் பிரணவி அன்று.

"உக்காந்துட்டு வாத்தியார்கிட்டப் பேசினா எனக்கு நாக்கே புரள மாட்டேங்குது."

"அப்ப இருவது மார்க்ஸுக்கும் டாட்டா சொல்லு."

நான்காவது வாரம் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. 'வகுப்பில் பேசியதற்கு இதுவரை உன் மதிப்பெண், இருபதுக்குப் பூஜ்யம். உன் குரலைக் கேட்க விரும்புகிறேன். வெஸ்.'

அபர்ணா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த இருபது இல்லாமல் பி கிரேடு வராது. பி வராவிட்டால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். அது நின்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"என்ன மனுஷன் இவரு? வாயாடிக்குத்தான் மார்க்கா?"

"ஓம். கதைக்கிறவன்தான் அவருக்குக் கெட்டிக்காரன்," என்றாள் பிரணவி.

அதற்கு அடுத்த வாரம்தான் அவருக்கு மறதி ஆரம்பித்தது.

ஏழாவது வாரம். கேள்வி கேட்டார். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பே அலுப்போடு காத்திருந்தது.

அபர்ணா நாற்காலியைத் தள்ளினாள். எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். யாரும் குறுக்கே வரவில்லை.

"சார்..."

பதிலை முழுசாகச் சொல்லி முடித்தாள்.

"நன்றி, அபர்ணா," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்ததுக்குப் போனார் அவர்.

அதன்பின் வாரம் தவறாமல் பேசினாள். கடைசி வாரம் பார்த்தபோது இருபதுக்குப் பதினேழு.

"மனுசனுக்கு மறதி வந்தது, உனக்கு லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரி," என்றாள் பிரணவி.

கடைசி வகுப்பில் ஆளுக்கொரு படிவம் வந்தது. ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் பெயர் போடாமல் எழுத வேண்டும்.

"நான் இங்கே இருந்தால் உண்மையை எழுத மாட்டீர்கள்," என்று கார்ல்சன் வெளியே கிளம்பினார். "முடித்ததும் யாராவது உறையில் போட்டு ஒட்டி ஆபீஸில் கொடுத்துவிடுங்கள்."

'இந்த ஆசிரியர் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?' என்றது கடைசிக் கேள்வி.

பிரணவி மளமளவென்று எழுதிவிட்டுத் திருப்பிக் காட்டினாள். கேள்வி கேட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார் என்று எழுதியிருந்தாள்.

"ஐயோ பாவம்டி."

"உண்மையைத்தானே எழுதச் சொன்னவர்? நீயும் எழுது. இதைப் பாத்துத்தான் அடுத்த வருசமும் அவரை வைச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுப்பினம்."

அபர்ணா வெகுநேரம் யோசித்தாள். பிறகு, அவர் மனம் நோகாத மாதிரி எழுதினாள். 'நல்ல ஆசிரியர். ஆனால் நினைவு தடுமாறுகிறது. அவருக்கு ஓய்வு தேவைப்படலாம்.'

பதினெட்டுப் படிவங்களையும் வாங்கி உறையில் போட்டு அவளே ஒட்டினாள். மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

மேஜைமேல் அவருடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. பக்கத்தில் பாடக் குறிப்புத் தாள்கள்.

இதையும் மறந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே தாள்களை எடுத்தாள். ஆபீஸுக்குப் போகிற வழியில் அவர் அறையில் கொடுத்துவிடலாம்.

அச்சடித்த கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சிவப்பு மையில், அவர் கையெழுத்தில், ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப எழுதியிருந்தது.

'தண்ணீர் குடி. கண்ணாடியைத் துடை. அவசரப்படாதே வெஸ், அபர்ணா எழுந்து நிற்க நேரம் வேண்டும்.'