பத்தியக் கஞ்சி

"இந்த வீட்டுக் கஞ்சியில ஒரு கல்லு உப்பு விழப்பிடாது!" என்று வாசல் வரை கேட்கக் கத்தினார் ராஜதுரை நாடார். வாசலில் குறி சொல்லும் கோடாங்கி உட்கார்ந்திருந்தான். பத்தியம் அவன் கட்டளை. தூத்துக்குடி உப்பைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றுகிறவர், பேதியில் துவண்ட மகன் செந்தில்வேலுக்கு மட்டும் உப்பில்லாக் கஞ்சி வைத்திருந்தார்.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?" என்றாள் அவர் மனைவி சந்தனமாரி. "உடம்பு உப்பெல்லாம் பேதியில போயிட்டாம். உப்பில்லாம வெறும் தண்ணியா ஊத்துனதுலதான் மூளை வீங்கி வலிப்பு வந்துச்சாம். இனி உப்பு போட்டுத்தான் குடுக்கணுமாம்."

"எனக்கே உப்பு விக்கப் பாக்காரா அந்த டாக்டரு?"

"பெத்தவளையே பிள்ளைக்கு அடையாளம் தெரியல. நான் போடத்தான் போறேன். முடிஞ்சா தடுங்க!"

"ஏளா, என் சொல்லை மீறுனா உனக்கு இங்க இடமில்ல!"

"சரி, பிள்ளையத் தூக்கிட்டே போறேன்."

அடுக்களைக்குப் போனவள், சட்டிக் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பை அவர் கண்ணெதிரே போட்டுக் கலக்கினாள். கொண்டுவந்து மகனுக்கு ஒரு கரண்டி ஊட்டினாள்.

பையன் முகத்தைச் சுளித்துத் துப்பினான். "ச்சீ, கரிக்கு! வேண்டாம்மா!"

அம்மா என்றுவிட்டான்! கண் கலங்கிய சந்தனமாரி, கஞ்சியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடல் தண்ணீராகக் கரித்தது.

"நான் போட்டது ஒரு சிட்டிகைதானே?"

நாடார் அவசரமாக விரல்களை வேட்டியில் துடைத்தார். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

"வேற கஞ்சி காய்ச்சுளா. இந்தத் தடவ உப்பு நீ மட்டும் போடு."