பதினாலு வண்டி

நடைபாதை, சைக்கிள் தடம், தள்ளுவண்டிக்கு இடம் என அந்தத் தெருவுக்கு நான் போட்ட வரைபடத்தில் எல்லாம் இருந்தன. ஓரமாக நிற்கும் ஸ்கூட்டர்களை மட்டும் பக்கத்துத் தெருவுக்கு அனுப்ப வேண்டும். காலையில் அளவெடுக்க வந்தவள், நாடாவை விரிக்க ஒரு வண்டியை நகர்த்தி வைக்கச் சொன்னேன்.

அப்போது ஒருவர் ஒரு காலை இழுத்தபடி வந்தார். ஒவ்வொரு ஸ்கூட்டர் இருக்கையையும் பிடித்து நின்று, அடுத்ததற்குக் கை நீட்டினார்.

"எங்க வீட்டுக்காரரு. வாதம் வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்றாள் வாசலில் நின்ற பொற்கொடி. "டீக்கடைக்குப் பதினாலு வண்டி. கம்பு வாங்கிக் குடுத்தா, 'நான் என்ன கிழவனா'ங்கறாரு. அதான் தெருவே நெருக்கி நிறுத்துது."

"நடுவுல யாராவது வண்டிய எடுத்துட்டா?"

"எட்டு மணிக்கு முன்னாடியா? எடுத்துப் பாக்கட்டும்!"

நான் காலிசெய்த இடத்துக்கு வந்துவிட்டார் அவர். நீட்டிய கை காற்றில் துழாவியது. ஓடிப்போய் அந்த இடைவெளியில் நின்றேன். கை என் தோளில் இறங்கியது. உடலின் பாரம் முழுதும் அதில் இருந்தது.

"யாரு வண்டி இது? புதுசா இருக்கே" என்றார், நிமிராமல்.

நான் அசையாமல் நின்றேன்.