கால் வேகம்

வகுப்புக்கு நடுவே தண்ணீர் கேன் வாங்கக் கணவன் வாசலுக்குப் போன நேரத்தில், அவள் எட்டி அவனுடைய போன் திரையைப் படித்துவிட்டாள்.

படித்திருக்க வேண்டாம்.

தினமும் சாயங்காலம் நேரலையில் தையல் வகுப்பு. பஞ்சு வைத்த போர்வையின் மேல் கோடு எதுவும் வரையாமல், துணியைக் கையால் நகர்த்தியே பூவும் கொடியுமாகத் தைக்கும் வேலை. மேசை மேல் ஒரு போன், அவள் கைகளைக் காட்ட. மேசைக்கடியில் இன்னொன்று, பெடல் மிதிக்கும் காலைக் காட்ட. பார்ப்பவர்கள் எழுதும் கேள்விகளை அவன் தன் போனில் பார்த்து அவளுக்கு வாசிப்பான்.

மேசைக்கடியில் போன் வைத்தது அவன் யோசனை. "வேகமே கால்லதான இருக்கு? அதக் காட்டாம என்னத்தச் சொல்லிக்குடுப்ப?"

நியாயமாகத்தான் பட்டது. இந்தத் தையலில் மெஷின் துணியை இழுத்துக்கொள்ளாது. கால் முந்தினால் தையல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முடிச்சு விழும். கை முந்தினால் தையல் நீண்டுபோகும், ஊசி ஒடியும். கால் ஒரே சீராக ஓட வேண்டும். கை அதற்கு ஒத்துப்போக வேண்டும். இதைத்தான் அவள் மாதக்கணக்கில் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரையில் ஓடியது வேறு.

'இன்னிக்கு ஏன் கொலுசு இல்ல?'

'பெருவிரல நல்லா அழுத்தச் சொல்லுங்க.'

'சிவப்புதான் எடுப்பா இருந்துச்சு. இந்தக் கலர் வேணாம்.'

கீழே வரிசையாக, நாக்கை நீட்டிய மஞ்சள் முகங்கள்.

அதற்கும் கீழே, வகுப்பின் பெயரில் அவன் போட்ட பதில். 'நாளைக்கு சிவப்பு போட வைக்கிறேன் ப்ரோ.'

யாரோ துப்பி வைத்த எச்சிலை வெறுங்காலால் மிதித்துவிட்டது போல இருந்தது. காலை எடுத்து எங்கே துடைப்பது?

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கால் தன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது, அவளுடையதே இல்லை என்பது போல.

போன வாரம் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அவனே நகப்பூச்சுப் போட்டுவிட்டான். அவள் அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டு, "இத்தன வருசத்துல இன்னிக்குத்தான்டி உங்க மாமாவுக்கு என் கால் கண்ணுல பட்டிருக்கு" என்று சிரித்தாள்.



சரி, கழிசடைகள் எங்கும் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்களும் இருப்பார்களே. அவர்களுக்காகத்தானே அவள் மத்தியானத் தூக்கத்தை விட்டு மாதிரித் துண்டுகள் தைத்து வைக்கிறாள். சற்று முன்புகூட அவன் வாசித்தானே. ஒரு டீச்சருக்கு நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். மகளுக்குப் போர்வை தைக்கிற ஒரு அம்மாவுக்கு வளைவு சரியாக வரவில்லையாம்.

ஒற்றை விரலால் திரையை மேலே தள்ளித் தேடினாள். இன்றைய வகுப்பின் ஆரம்பம்வரை போய்விட்டாள்.

டீச்சர் இல்லை. அம்மா இல்லை. நூலைப் பற்றி, துணியைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போனை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தான். போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டான். வகுப்புக்கென்று வைத்திருக்கும் சர்க்கரைப்பாகுக் குரலில் வாசித்தான்.

"ஒரு அக்கா கேக்குறாங்க. இலை நுனியில திரும்பும்போது கால நிறுத்தணுமா, அப்படியே ஓட்டணுமா?"

சரியான கேள்வி. நுனியில் கை ஒரு கணம் தயங்கும். கால் அதே வேகத்தில் ஓடினால் அந்த இடத்தில் நூல் குவிந்து பரு விழும். கூர்ந்து கவனித்த ஆள்தான் இதைக் கேட்க முடியும்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் இமைக்கவில்லை. இத்தனை மாதத்தில் அவள் சொன்னதை ஒரே ஒரு ஆள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறான்.

மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"நல்ல கேள்வி. இதை இன்னிக்கு எங்க வீட்டுக்காரரே தைச்சுக் காட்டுவாரு. என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும்."

"ஏய், என்ன விளையாட்டு?" உதடு மட்டும் சிரித்தது.

அதற்குள் போன் அவன் கையிலிருந்து அவள் கைக்கு வந்திருந்தது.

"உக்காருங்க. பாவம், அந்தக்கா காத்துக்கிட்டிருக்காங்க."

பிடுங்க முடியாது. கத்த முடியாது. எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்தான்.

"செருப்பக் கழட்டிருங்க."

கழற்றினான். பித்தவெடிப்பும் மயிருமாக, பெருவிரலில் கறுத்த நகத்தோடு அந்தக் கால் பெடல் மேல் ஏறியது. மெஷின் உறுமியது. இலை நுனியில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, பரு விழாமல் திருப்பவும் செய்தான். அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மஞ்சள் முகங்கள் நின்றன. பார்ப்பவர்களின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. 'யார் காலு ப்ரோ இது?' என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

அவன் நெற்றி வியர்த்தது. "போதும், ஆஃப் பண்ணு" என்றான், சத்தம் வராமல்.

அப்போது திரையில் இன்னொரு வரி வந்தது. அவள் அதை நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்தையும் விடாமல் உரக்க வாசித்தாள்.

"ஒருத்தர் சொல்றாரு, இதுவும் நல்லாத்தான் இருக்காம். நகத்த வெட்ட வேணாமாம்."

மெஷின் சட்டென்று நின்றது. அவன் காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டான்.