அவரவர் பாவம்

“உன் பாவத்த மட்டும் சொல்லு. எங்க பாவத்த நீ சொல்லக்கூடாது. புரிஞ்சுதா?”

பெட்டிக்குள் ஸ்வெட்டரை அமுக்கிக்கொண்டே ஜெசிந்தா மகளைக் கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த ஒன்பது வயது ஜோவிட்டா தலையையும் சேர்த்து ஆட்டினாள். புரிந்ததா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நாளைக் காலை ஏலகிரி மலையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான கோடை முகாம். ஒரு வாரம். அவர்கள் கோயிலிலிருந்து ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இடம். எதிர் வீட்டு பிலோமினாவின் மகன் தினமும் பூசைக்கு உதவி செய்கிறவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பைபிள் வசனம் ஒப்பிப்பான். அவனுக்குக் கிடைக்கவில்லை. பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிப் போகிற ஜோவிட்டாவுக்குக் கிடைத்தது. கோயில் ஃபாதர் தனிஸ்லாஸே போன் பண்ணி, பாப்பா கண்டிப்பாக வரவேண்டும் என்றார். எல்லாம் தான் விடாமல் சொன்ன நவநாள் ஜெபத்தின் பலன் என்று ஜெசிந்தா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

முகாமில் பிள்ளைகள் தங்கள் பாவங்களை ஃபாதர் தனிஸ்லாஸிடமே சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்டபோதுதான் அவள் மகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். ஜோவிட்டாவின் லட்சணம் அப்படி. போன வருஷம் முதல் பாவசங்கீர்த்தனத்தில், தன் பாவம் சீக்கிரம் தீர்ந்துவிட்டதென்று அப்பாவின் பாவத்தை ஆரம்பித்தவள் அவள். லீவுக்காக, உயிரோடு இருக்கிற தன் அம்மாவைச் செத்துப்போனதாக அவர் கம்பெனியில் சொன்னதைப் போட்டு உடைத்துவிட்டு வந்தாள்.

அப்பா சவரிநாதன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப்பேரவையின் துணைத்தலைவர். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி கூடாது, சுத்தபோசனம். அந்த வெள்ளிக்கிழமைகளில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடக்கிற ஆள் அவர்தான். சிலுவையை இறக்கி வைத்த கையோடு பைக்கை எடுத்து, நேராக வாஹித் பாஷா பிரியாணிக் கடைக்குப் போவார். இந்த வருஷம் ரம்ஜானும் கூடவே வந்தது. வாஹித் பாஷா பகலெல்லாம் நோன்பிருந்து, அதைத் திறந்த பிறகு கடையைத் திறப்பார். சவரிநாதன் எந்த நோன்பும் இல்லாமல் பார்சலுக்குக் காத்திருப்பார். கோயில்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும். அதனால் ஹெல்மெட்டைக் கழட்டாமல் தெருமுனையில் நின்றுகொண்டு, கடையின் பின்வாசலுக்கு ஜோவிட்டாவை அனுப்புவார்.

ஜெசிந்தா மட்டும் லேசுப்பட்டவளா? பிலோமினா வீட்டில் தவக்கால வெள்ளியன்று கறிக்குழம்பு வாசனை வந்ததென்று மாதா சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவள். அது மீல்மேக்கர் என்று பிலோமினா அழுதுகொண்டே சொல்லியும் விடவில்லை. அதே வெள்ளிக்கிழமை ராத்திரி இவள் வீட்டில் லெக்பீஸ்.

பங்குப்பேரவைக்கு இந்த மாசக் கடைசியில் புதிதாக ஆள் எடுக்கிறார்கள். ஃபாதர் காதில் பிரியாணி விழுந்தால் சவரிநாதன் பதவி போகும். பிலோமினா காதில் விழுந்தால் ஜெசிந்தா தெருவில் தலைகாட்ட முடியாது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் வெளியே சொல்ல மாட்டார் என்று சவரிநாதன் சமாதானம் சொல்லிப் பார்த்தார். சொல்ல மாட்டார்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் நம்ம பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார், அது போதாதா என்றாள் ஜெசிந்தா.

கடைசியில் ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவானது. கொடியில் குடியாத்தம் லுங்கியை விரித்துப் போட்டு, அதன் பின்னால் ஸ்டூலில் சவரிநாதன் ஃபாதராக உட்கார்ந்தார். ஜோவிட்டா இந்தப் பக்கம் முட்டி போட்டாள்.

“பொய் சொன்னேன் ஃபாதர். தம்பிய கிள்ளினேன். அப்புறம் வெள்ளிக்கெழம பிரியாணி...”

லுங்கி ஆடியது.

“அது உன் பாவம் இல்லடி” என்றாள் ஜெசிந்தா.

“நான்தானே போய் வாங்கினேன்? நானும்தானே தின்னேன்?”

பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஜெசிந்தா சட்டென்று திருச்சபைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பதினாலு வயசுக்கு மேலதான் சுத்தபோசனம். நீ தின்னது பாவமே இல்ல. நாங்க தின்னத நாங்க பார்த்துக்கறோம்.”

“அப்போ சாமி கிட்டயும் சொல்லக்கூடாதா?”

“சாமிக்கு எல்லாம் தெரியும். ஃபாதருக்குத்தான் தெரியக்கூடாது.”

“ஃபாதருக்கும் தெரியுமே” என்றாள் ஜோவிட்டா.

ஜெசிந்தா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சவரிநாதன் லுங்கியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். எப்போது சொன்னாய், எதற்குச் சொன்னாய் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

“நான் ஒண்ணும் சொல்லல. ஒரு வெள்ளிக்கெழம கட பின்வாசல்ல எனக்கு முன்னாடி நின்னதே ஃபாதர்தான். அவரும் ஹெல்மெட்ட கழட்டல. ‘கத்திரிக்கா ஜாஸ்தியா வைங்க பாய்’னு கேட்டாரு. குரல வச்சி கண்டுபுடிச்சிட்டேன். ‘ஸ்தோத்திரம் ஃபாதர்’னேன். யாருகிட்டயும் சொல்லாத பாப்பா, உன்ன கேம்புக்கு அனுப்பறேன்னாரு.”

நவநாள் ஜெபம் போன வழி தெரியவில்லை. ஆனாலும் ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனிமேல் எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஃபாதர் அவர்கள் பெஞ்சு பக்கம் திரும்ப மாட்டார். சவரிநாதனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லுங்கியை மடித்து வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்றார்.

ஜோவிட்டா எழுந்து போய் மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை காலாட்டவில்லை.

“ஃபாதர் கேம்ப் குடுத்துட்டாரு. பிலோமினா ஆன்ட்டி கிட்ட சொல்லாம இருக்கறதுக்கு நீங்க இன்னா குடுப்பீங்க?”